இல்லாத அரை மணி நேரம்

வாருங்கள், தாய்மார்களே, தோழர்களே! பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில், ஓர் ஆலையின் கம்பிவேலிக்கு வெளியே நிற்கும் ஒரு பெண்ணை வந்து பாருங்கள். அவள் பெயர் தனலெட்சுமி. ஏழு ஆண்டுகளாக உருப்பெருக்கிக் கண்ணாடிக்குள் கண்ணைப் புதைத்து, தலைமுடியினும் மெல்லிய கம்பியைச் சிப்பின் மேல் ஒட்டி ஒட்டி, எந்த நாட்டிலோ யார் வீட்டிலோ ஓடும் கருவிகளுக்கு உயிர் கொடுத்தவள். அவளுடைய அடையாள அட்டையைக் காவலர் வாங்கி வைத்துக்கொண்டார். அவள் மேல் சாட்டப்பட்ட குற்றம் இதுதான்: 1981 டிசம்பர் முப்பத்தொன்றாம் நாள், இரவு பதினொன்றரை மணி முதல் பன்னிரண்டு மணி வரை, அவள் ஒரு சிப்பைக்கூடத் தொடவில்லை.

உண்மை, தொடவில்லை. அந்த நேரத்தில் நானும் ஒரு வேலையும் செய்யவில்லை. நீங்களும் செய்யவில்லை. தீபகற்பம் முழுவதிலும் அந்த நேரத்தில் ஒரு குழந்தை பிறக்கவில்லை, ஒரு நோயாளி மூச்சு விடவில்லை, ஓர் அமைச்சர்கூட அரசாளவில்லை. ஏனென்றால் அப்படி ஓர் அரை மணி நேரம் இங்கே வரவே இல்லை. கடலுக்கு அப்பாலுள்ள சபா, சரவாக் மாநிலங்களும் நாமும் ஒரே மணி பார்க்க வேண்டும் என்று அரசு ஆணையிட்டது. அன்றிரவு பதினொன்றரை ஆனதும் முள்ளைப் பன்னிரண்டுக்குத் தள்ளினோம். நாடே தாண்டிக் குதித்த அந்தப் பள்ளத்துக்குள் ஒரு பெண்ணை மட்டும் பிடித்துத் தள்ளியிருக்கிறார்கள். எப்படித் தள்ளினார்கள் என்பதைக் கேளுங்கள்.

அந்த ஆலையில் குளிரூட்டிய அறை ஒன்றில் புதிய கணிப்பொறி ஒன்று இருக்கிறது. அதற்குக் கட்டளை எழுதும் வேலை அம்பிகைபாகன் என்ற இளைஞனுடையது. யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலேறி வந்து, மூன்று தலைமுறையாக எழுதுகோல் பிடித்தே வாழ்ந்த குடும்பம் அவனுடையது. அவனை வேலையில் சேர்த்துவிட்டவர் ஆலையின் பணியாளர் மேலாளர் விநாசித்தம்பி. தாய்வழியில் அவனுக்கு மாமன் முறை.

டிசம்பர் தொடக்கத்தில் அவன் ஒரு நிரல் எழுதினான். ஒவ்வொரு பெண்ணின் இயந்திரத்திலிருந்தும் ஒரு கம்பி கணிப்பொறிக்குப் போயிற்று. ஒரு சிப் முடிந்தால், முடிந்த மணி அங்கே பதிவாகும். நிரலின் வேலை எளியது. வேலை முடிந்த மணியிலிருந்து தொடங்கிய மணியைக் கழிக்கும். எட்டு மணி நேரம் கிடைக்கும். அதைப் பதினாறு சமத் துண்டுகளாக வெட்டும். சாப்பாட்டுக்குரிய துண்டை ஒதுக்கிவிட்டு, மற்றத் துண்டு ஒவ்வொன்றிலும் எத்தனை சிப் என்று எண்ணும். எந்தத் துண்டிலாவது ஒன்றும் இல்லையென்றால், அந்தப் பெண் இடத்தை விட்டு எழுந்து போய்விட்டாள் என்று பொருள். அவள் பெயருக்கு நேரே ஒரு கறுப்புப் புள்ளி விழும். மூன்று புள்ளி விழுந்தால் விசாரணை.

"ரொட்டி வெட்டுற மாதிரித்தான் மாமா. ஒரு துண்டு பெருசு, ஒரு துண்டு சின்னன் எண்டு வராது" என்று அவன் பெருமையோடு இயக்கிக் காட்டினான்.

விநாசித்தம்பி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "கத்தி நல்ல கூர்தான் பாகன். இனி இந்தப் பெட்டையள் என்ன கதை சொல்லுவினம், பாப்பம்."

கத்தியின் கூர்மையைப் பார்த்தார்கள் இருவரும். ரொட்டி முழுதாக இருக்கிறதா என்று பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

புத்தாண்டு விடுப்பு முடிந்து திங்கட்கிழமை வேலைக்கு வந்த அம்பிகைபாகன், அந்த இரவின் அறிக்கையை எடுத்து விரித்தான். ஒரே வரிசையில் வேலை செய்யும் நாற்பது பெண்கள்; நாற்பது பெயர்களுக்கும் இரண்டாவது துண்டில் ஒன்றுமே இல்லை. மேலிருந்து கீழ்வரை வெறும் சுழியம். அதன் பக்கத்தில் நாற்பது கறுப்புப் புள்ளிகள், பேன் ஊர்ந்தாற்போல.

இரண்டு நிமிடம் பார்த்தான். பிறகு அவனுக்கு விளங்கியது. அன்றிரவு கணிப்பொறியின் கடிகாரத்தையும் ஊரோடு சேர்த்துத் தள்ளி வைத்திருந்தார்கள். பதினொன்றுக்குத் தொடங்கி ஏழுக்கு முடிந்தது வேலை. கழித்தால் எட்டு மணி நேரம், உழைத்தது ஏழரை. நிரலோ பதினாறு துண்டு கேட்டிருக்கிறது, இருந்தவை பதினைந்து. இல்லாத ஒன்றைத் தானே செய்து, அதற்கும் பங்கு வைத்து, அது வெறுமையாக இருக்கிறதென்று நாற்பது பேர் மேலும் பழி போட்டிருக்கிறது.

அறிக்கைச் சுருளைக் கையில் பிடித்தபடி மாமனின் அறைக்கு ஓடினான்.

"மாமா, இது பிழை. அண்டைக்கு அரை மணித்தியாலம் தள்ளி வச்சதை நான் நினைக்கேல்ல. பாருங்கோ, எல்லாருக்கும் ஒரே இடத்தில சைபர்!"

விநாசித்தம்பி நிமிரவில்லை. "எனக்குத் தெரியாதோ? என்ர வீட்டு மணிக்கூட்டை நான்தானே தள்ளி வச்சனான்."

"தெரிஞ்சுமோ..."

"ரிப்போர்ட் வெள்ளிக்கிழமையே ஹெட் ஆபீசுக்குப் போயிட்டுது. இவ்வளவு காசு குடுத்து வாங்கின கம்ப்யூட்டர் முதல் மாசமே பிழை விட்டதெண்டு நான் எழுதட்டோ? எழுதினா இந்தக் கதிரையில நான் இருப்பனோ, அந்த அறையில நீர் இருப்பீரோ?"

"நாப்பது பேருக்குப் புள்ளி விழுந்திருக்கு மாமா."

"ஒரு புள்ளி ஆரை என்ன செய்யும்? பிழை தங்கடதான் எண்டு ஒவ்வொருத்தியையும் ஒரு தாளில எழுதித் தரச் சொல்லியிருக்கிறன். தந்தா புள்ளியை அழிச்சுவிடுவம்."

"தனலெட்சுமிக்கு அது மூண்டாவது. முதல் ரெண்டும் மெஷின் நிண்டதால வந்தது. எனக்குத் தெரியும்."

அப்போதுதான் அவர் நிமிர்ந்தார். "அவளுக்கு வாய் கூடிப்போச்சு. கம்பெனி பஸ் பிந்தினா எங்கட சம்பளத்தை ஏன் வெட்டுறியள் எண்டு போன மாசம் என்னை வரிசையில வச்சுக் கேட்டவள். நாப்பது பேரும் கேட்டுக்கொண்டு நிண்டவை." குரலைத் தாழ்த்தினார். "அவை தோட்டத்துச் சனம் பாகன். இந்த ஆலை இல்லாட்டி இன்னொண்டு. நீர் ஏன் கிடந்து துடிக்கிறீர்?"

தோட்டத்துச் சனம்! கேட்டீர்களா, தோழர்களே? பேசுவது ஒரே தமிழ். பாட்டன் ஏறிய துறைமுகம் வேறு, பாட்டனின் கையில் இருந்த கருவி வேறு. ஒருவன் கையில் எழுதுகோல், ஒருவன் கையில் ரப்பர் மரத்தில் பால் வெட்டும் உளி. அந்த இரண்டு கருவிகளும் துருப்பிடித்துப் போன பிறகும், ஒரே ஆலையின் ஒரே வாயிலில் ஒரே சங்குக்கு நுழைகிறவர்கள் இன்னும் அந்தக் கருவியைக் கொண்டே ஒருவரை ஒருவர் அளக்கிறார்கள். இந்த நாற்றத்தை நாம் எத்தனை மேடைகளில் கழுவினோம், இன்னும் போகவில்லையே!

அன்று முழுவதும் அம்பிகைபாகனின் நாற்காலி அவனைத் தாங்கவில்லை. உட்கார்ந்தான், எழுந்தான், கண்ணாடிச் சுவருக்கு அப்பால் வெள்ளைத் தொப்பி போட்ட தலைகள் குனிந்திருப்பதைப் பார்த்தான், திரும்பி வந்தான். தேநீர் ஆறி ஏடு படிந்தது. மறுநாள் காலை நிரலைத் திருத்தினான். வெட்டுமுன், கடிகாரம் சொல்வதை நம்பாமல், உண்மையில் கழிந்த நேரம் எவ்வளவு என்று பார்க்கச் செய்தான். அந்த நேரத்தில் எத்தனை துண்டு உண்டோ அத்தனையே வெட்டச் செய்தான். மீண்டும் இயக்கினான். ஒரு புள்ளியும் விழவில்லை. அந்தத் தாளைக் கொண்டுபோய் மாமனின் மேசையில் வைத்தான். அவர் அதை நான்காக மடித்து, ஆடும் மேசைக் காலுக்கு அடியில் சொருகினார்.

விசாரணை புதன்கிழமை காலை. "தப்பை ஒப்புக்கொண்டு சைன் வைத்தால் அந்தப் பொம்பளையைப் புது ஆளாகத் திரும்ப எடுப்பார்களாம், அவளும் சரி என்று சொல்லிவிட்டாளாம்" என்று அலுவலக எழுத்தர் தங்கராஜு சொன்னார். புது ஆள் என்றால் ஏழு ஆண்டு உழைப்பும் அழிந்தது. கூலி அடியிலிருந்து தொடங்கும். அதோடு, குற்றவாளி என்று அவளே எழுதிக் கொடுத்த சான்று அவர்களின் கையில் இருக்கும்.

செவ்வாய்க்கிழமை மாலை சங்கு ஊதியதும் அம்பிகைபாகன் வீட்டுக்குப் போகவில்லை. நகரத்துக்கு ஒரு பேருந்து, அங்கிருந்து தனலெட்சுமி குடியிருக்கும் ஆயர் ஈத்தாமுக்கு இன்னொன்று. நெரிசலில் தொங்கியபடி, வழியில் நின்ற ஒவ்வொரு நிறுத்தத்தையும் மனத்துக்குள் திட்டினான்.

அடுக்குமாடிக் குடியிருப்பின் படிக்கட்டருகே தனலெட்சுமி நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள். எதிரே முறத்தோடு உட்கார்ந்திருந்தவள் ருக்குமணி. அதே வரிசையில் பக்கத்து இயந்திரக்காரி, பக்கத்து வீட்டுக்காரியும்கூட.

ருக்குமணிதான் முதலில் பார்த்தாள். "அடடே, கம்ப்யூட்டர் சாரு! என்னா சார், அரை மணிக்கு எத்தன நெத்திலி கிள்ளுறோம்னு எண்ண வந்தீங்களா?"

"சும்மா இருடி" என்றாள் தனலெட்சுமி. "உக்காருங்க சார். அந்த ஸ்டூலு ஆடும், பாத்து."

அவன் உட்காரவில்லை. "அக்கா, நாளைக்கு நீங்க எதிலயும் சைன் வைக்காதீங்க."

"வைக்காம? நாலு பேரு வயிறு இருக்கு சார். தப்பு என்னோடதுதான், நான் யாரையும் குத்தம் சொல்லல." கையில் இருந்த நெத்திலியைப் பார்த்தபடியே சொன்னாள். "அன்னைக்கு வயிறு சரியில்ல. டாய்லெட்டுக்கு ஓடுனேன், ஒரே வாந்தி. திரும்பி வந்தப்ப மணி பன்னெண்டு தாண்டிருச்சி. கம்ப்யூட்டரு பாத்துருச்சி."

"எவ்வளவு நேரம் போயிருந்தீங்க?"

"பத்து நிமிஷம்னுதான் நெனச்சேன்." இன்னொரு நெத்திலியை எடுத்தாள். "அரை மணி நேரம் ஆயிருக்கும் போல. கம்ப்யூட்டரு சொல்லுதே, அது பொய்யா சொல்லும்?"

"எனக்கும் ஒரு புள்ளி லா" என்றாள் ருக்குமணி. "நான் நேத்தே எழுதிக் குடுத்துட்டேன். மெஷின் பக்கத்துல கேக்கு தின்னேன். வள்ளியம்மா தூங்கிட்டேன்னு எழுதிக் குடுத்தா. மீனாட்சி, நியூ இயர் சொல்ல அடுத்த லைனுக்குப் போனேன்னு எழுதுனா. ஒருத்தி, ஒண்ணும் ஞாபகம் வராம, வீட்ட நெனச்சி அழுதுகிட்டு உக்காந்திருந்தேன்னு எழுதிட்டா."

அம்பிகைபாகன் அப்போதுதான் அந்த ஆடும் முக்காலியில் உட்கார்ந்தான். "அக்கா, அன்னைக்கு சூப்பர்வைசர் நாற்காலி மேல ஏறி கடிகார முள்ளைத் தள்ளினாரே, ஞாபகம் இருக்கா?"

"இல்லாம? எல்லாரும் கை தட்டுனோம், அரை மணி முன்னாலயே வீட்டுக்குப் போலாம்னு. அதுக்கப்புறந்தான் நான் டாய்லெட்டுக்கு ஓடுனேன்."

"எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிக்குத் தள்ளினார்?"

"பதினொண்ணரையிலருந்து பன்னெண்டு..." சொல்லிக்கொண்டே வந்தவள் நின்றாள்.

"அந்த அரை மணி நேரத்திலதான் நீங்க வேலை செய்யலன்னு என் புரோகிராம் சொல்லுது. அப்படி ஒரு நேரமே இல்லக்கா. உங்க பத்து நிமிஷம் பத்து நிமிஷம்தான். அதுக்கு முந்தியும் பிந்தியும் நீங்க செஞ்ச சிப்பு அதே பேப்பர்ல இருக்கு."

ருக்குமணி வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கத் தொடங்கினாள், முறம் சரிந்தது. "ஐயோ! அப்ப நான் தின்ன கேக்கு? அது எந்த நேரத்துல லா தின்னேன்?"

தனலெட்சுமி சிரிக்கவில்லை. "அஞ்சு நாளா என் புருஷன் முன்னால, பிள்ளைங்க முன்னால, நான்தான் தப்பு பண்ணேன்னு சொல்லிச் சொல்லி அழுதேன் சார். உங்க ஆபீசுல ஒருத்தருக்கும் இது தெரியாதா?"

"தெரியும்" என்றான் அவன். பிறகு, "நாளைக்கு நான் வந்து சொல்றேன். என் வேலை போனாப் போகட்டும்."

"போகட்டும்னு சொல்ல உங்களுக்கு மாமன் இருக்காரு, வீடு இருக்கு" என்றாள் ருக்குமணி. சிரிப்பு அவள் முகத்திலிருந்து போயிருந்தது. "நாங்க சொன்னா மறுநாள் சோறு இருக்காது."

தனலெட்சுமி எழுந்து கையை உதறினாள். "நான் சைன் வைக்க மாட்டேன்."

தோழர்களே, இந்த இடத்தில் சற்று நில்லுங்கள். பொறியின் பிழை ஒன்று. அது திருத்தக் கூடியது, அவன் ஒரே காலையில் திருத்திவிட்டான். மேலாளரின் வஞ்சகம் ஒன்று. அது நமக்குப் புதிதன்று. என்னை உறங்க விடாமல் செய்வது மூன்றாவது. நாற்பது பெண்களிடம் ஒரு தாளை நீட்டி, நீ குற்றவாளி என்றார்கள். ஒருத்தியாவது, என்ன குற்றம், எந்த நேரம், காட்டு பார்க்கலாம் என்று கேட்டாளா? ஒவ்வொருத்தியும் தன் நினைவுக்குள் குனிந்து, துழாவி, ஒரு துண்டு கேக்கை, ஒரு கண்ணயர்வை, ஒரு துளிக் கண்ணீரைத் தேடி எடுத்து, இதோ என் குற்றம் என்று இரண்டு கைகளாலும் நீட்டினாள்! தலை குனியக் குனியப் பழக்கிய வீடும் பள்ளியும் வழிபாடும் அல்லவா அந்தக் கைகளை நீட்ட வைத்தன?

புதன்கிழமை காலை விசாரணை அறையில் ஆலைத் தலைவர் நடுவில் அமர்ந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. விநாசித்தம்பி அவர் பக்கத்தில். தனலெட்சுமிக்குத் துணையாக ஒரு தொழிலாளி வரலாம் என்பது விதி; ருக்குமணி வந்திருந்தாள். அம்பிகைபாகன் அழையாமலே நுழைந்து, நடந்ததை ஆங்கிலத்தில் சொன்னான். பெண்களுக்கும் விளங்கட்டும் என்று தமிழிலும் சொன்னான்.

விநாசித்தம்பி பொறுமையாகக் கேட்டார். பிறகு அவரும் இரு மொழியில் கேட்டார். "உம்முடைய புரோகிராம் நேரத்தைச் சமமாகத்தானே வகுத்தது?"

"சமமாகத்தான்."

"வகுத்ததில் பிழை இருக்கோ?"

"வகுத்ததில் இல்லை. வகுக்கக் கொடுத்த நேரம் பிழை. எட்டு மணி நேரம் அன்றைக்கு இல்லை."

"அந்த அரை மணித்தியாலம் இல்லவே இல்லை எண்டுறீர்."

"இல்லை."

விநாசித்தம்பி ஒரு கோப்பைத் திறந்து, முப்பத்தொன்பது தாள்களை மேசைமேல் சீட்டுக்கட்டைப் போல விரித்தார். "இல்லாத நேரத்தில இத்தனை பேர் எப்பிடித் தம்பி கேக் சாப்பிட்டவை, நித்திரை கொண்டவை, அழுதவை? நான் எழுதேல்ல. அவையே எழுதிக் கையெழுத்து வச்சிருக்கினம்."

ஆலைத் தலைவருக்கு அதை மொழிபெயர்த்துச் சொன்னதும் அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பு அடங்குமுன் ருக்குமணி எழுந்தாள். அவளுக்குப் பேச உரிமையில்லை என்றார்கள். கேட்கவில்லை. "என் பேப்பர குடுங்க சார். பயந்துகிட்டு எழுதுனேன். கேக்கு தின்னது நெசம், ஆனா பன்னெண்டுக்குப் பொறவுதான் தின்னேன். கேக்கையே பன்னெண்டு அடிச்சித்தானே வெட்டுனோம்!"

"ஒண்டு குறைஞ்சா முப்பத்தெட்டு" என்றார் விநாசித்தம்பி, தாளைக் கொடுக்காமலே.

தனலெட்சுமி மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்திட மறுத்தாள். பேனாவை நீட்டியவரிடமே திருப்பித் தந்தாள். பகல் உணவுக்குள் அவள் வெளியே நின்றாள். மறுநாள் அம்பிகைபாகனின் மேசையும் காலி. மாமன் வீட்டு வாசலும் அவனுக்கு அடைபட்டது. ருக்குமணிக்கு இதுவரை ஒன்றும் நேரவில்லை. பக்கத்து இருக்கை வெறுமையாகக் கிடக்க, அவள் குனிந்து கம்பி ஒட்டிக்கொண்டிருக்கிறாள். முதுகுக்குப் பின்னால் ஒவ்வொரு காலடி கேட்கும்போதும் அவள் திரும்பித் திரும்பிப் பார்க்கிறாளாம்.

வழக்கு இப்போது தொழிலாளர் அலுவலகத்தில் இருக்கிறது. வரும் செவ்வாய்க்கிழமை காலை விசாரிக்கிறார்கள். அம்பிகைபாகன் தன் கணக்கைச் சொல்வான். அதைக் கேட்டுவிட்டு, அங்கும் அந்த முப்பத்தெட்டுத் தாள்களை மேசைமேல் விரிப்பார்கள். பொறியைப் பற்றி அவன் எவ்வளவு சொன்னாலும், எழுதிக் கொடுத்தவர்களின் கையெழுத்தே அவன் வாயை அடைக்கும்.

ஆகவே கேட்கிறேன். அன்றிரவு அந்த வரிசையில் உட்கார்ந்திருந்த வள்ளியம்மா, மீனாட்சி, பெயர் தெரியாத மற்றச் சகோதரிகளே, நீங்கள் தூங்கியிருக்கலாம், அழுதிருக்கலாம். பதினொன்றரைக்கும் பன்னிரண்டுக்கும் இடையில் மட்டும் அதைச் செய்திருக்க முடியாது. வந்து அதைச் சொல்லுங்கள். எழுதிக் கொடுத்த தாளைத் திரும்பக் கேளுங்கள். இதைப் படிக்கும் கணவன்மாரே, அண்ணன்மாரே, "உனக்கேன் ஊர் வம்பு" என்று அவர்களை வீட்டுக்குள் பூட்டாதீர்கள். அரை நாள் கூலி போகட்டும், உடன் வாருங்கள். வேறு ஆலைகளில் வேலை செய்கிறவர்களே, எண்களை அடுக்கிய தாள் ஒன்றை நாளை உங்கள் முன்னும் நீட்டுவார்கள். உங்கள் நெஞ்சுக்குள் குற்றத்தைத் தேடுமுன், இந்த நேரத்தை யார் வெட்டினார், எதை வெட்டினார் என்று கேளுங்கள். விடை வரும்வரை பேனாவைத் தொடாதீர்கள்.

செவ்வாய் காலை ஒன்பது மணி. தொழிலாளர் அலுவலகப் படிக்கட்டு. வரத் துணிந்தவர்கள் தனியாக வராதீர்கள். வர அஞ்சுகிற ஒருத்தியின் வீட்டுக் கதவைத் தட்டி, அவள் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு வாருங்கள்.